முந்நீர்ப் பயணத்தின் முதல் நாள்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் தருமபுரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடற்பயணம் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் தெரிவித்தபோது நண்பர் ஒருவர் சிரித்தார். "தருமபுரியில் ஏது கடல்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஒகேனக்கல்லில் காவிரி விழுகிறது. கிழக்கே தென்பெண்ணை ஓடுகிறது. மற்றபடி ஏரியும் கிணறும்தான் நம் நீர்நிலைகள். நமக்குத் தெரிந்த கலம் பரிசல் ஒன்றே. மூங்கில் பிளாச்சைப் பின்னித் தோல் போர்த்திய அந்த வட்டக் கூடையில் ஏறுகிறவர்களிடம் பரிசல்காரர் முதலில் சொல்வது, அசையாமல் உட்காருங்கள் என்பதுதான்.

ஆயினும் கடலுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது. இங்கிருந்து சற்றுத் தொலைவில் பாப்பாரப்பட்டி இருக்கிறது. 1925 சூலை 23ஆம் நாள் சுப்பிரமணிய சிவா அங்கே மறைந்தார். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, லாவோ என்னும் கப்பல்களை ஓட்டிய வ.உ.சிதம்பரனாருடன் 1908இல் சிறைப்பட்டவர் அவர். கப்பலோட்டியவரின் தோழர் கடலே இல்லாத நம் மண்ணில் வந்து ஓய்ந்தார்.

இன்னும் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. தகடூர் அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். எந்நாட்டிலிருந்து, எவ்வழியாகக் கொண்டுவந்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர்க்குரிய பொருள். எனக்கு அச்செய்தியில் வேறொன்று உறுத்துகிறது. கரும்பு வந்த நாட்டிலிருந்தே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், கரும்பு வெட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் போயின. மொரீசியசுக்குப் போயின, நேட்டாலுக்குப் போயின, பிஜித் தீவுக்குப் போயின. அக்கப்பல்களில் ஏறிய குடும்பங்களின் முதல் நாள் எப்படி இருந்தது? இதுவே என் பேச்சின் பொருள்.

முதலில் நம் இலக்கண நூலிடம் கேட்போம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் அகத்திணையியலில் சிறிய நூற்பா ஒன்று உண்டு. மகளிரோடு கூடி முந்நீர் செல்லும் வழக்கம் இல்லை என்பது அதன் கருத்து. முந்நீர் என்பதைக் கடல் என்றே கொள்வார் ஒரு சாரார். பிரிவுக்குரிய மூன்று நீர்மை என்று கொள்வார் மற்றொரு சாரார். நான் கடல் என்று கொண்டவர்களின் பக்கம் நிற்கிறேன். ஏனெனில் அவ்விலக்கணத்துக்கு நம் இலக்கியம் பெரும்பாலும் கட்டுப்பட்டே நடந்திருக்கிறது.

சங்கப் பாடல்களில் கப்பல் உண்டு, நாவாய் உண்டு, வங்கம் உண்டு, பட்டினப்பாலையில் துறைமுகத்தின் ஆரவாரம் முழுவதும் உண்டு. ஆனால் கலம் எப்போதும் கரையிலிருந்து பார்க்கப்படுகிறது. போனவன் போகிறான், இருப்பவள் இருக்கிறாள். இரங்கல் நெய்தலின் உரிப்பொருள் ஆயிற்று. கலத்தின் உட்புறம், அதாவது பாய் விரித்து, பாத்திரம் வைத்து, குழந்தையைத் தூங்கவைக்கும் உட்புறம், நம் பழம்பாடல்களின் பொருளாகவில்லை.

மணிமேகலையைப் பாருங்கள். தமிழில் கடல் நிறைந்த காப்பியம் அது. சாதுவன் கப்பலேறிப் போகிறான். கலம் கவிழ்ந்து நாகர் தீவில் ஒதுங்குகிறான். மனைவி ஆதிரை புகாரிலேயே இருக்கிறாள். ஆபுத்திரன் கப்பலேறுகிறான், மணிபல்லவத்தில் அவனை விட்டுவிட்டுக் கலம் போய்விடுகிறது. பீலிவளை தன் குழந்தையைக் கம்பளச் செட்டியின் கலத்தில் ஏற்றி அனுப்புகிறாள், கலம் உடைகிறது. மணிமேகலையோ? முதலில் தெய்வம் அவளை எடுத்துச் செல்கிறது; பிறகு மந்திரத்தால் வானில் பறக்கிறாள். ஆண்கள் கப்பலில் போகிறார்கள், பெண் வானத்தில் போகிறாள்! கப்பலில் ஒரு பெண்ணை ஏற்றி உட்காரவைப்பதைவிட, அவளைப் பறக்கவைப்பது சாத்தனாருக்கு எளிதாக இருந்திருக்கிறது.

இவ்விலக்கணத்தை உடைத்தவர்கள் புலவர்கள் அல்லர். தோட்ட முதலாளிகளும் குடியேற்ற அதிகாரிகளும். 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ என்னும் பாய்க்கப்பல் நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். நேட்டாலுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் அதுவே. ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் அதில் சென்றனர். பின்னாளில் பல குடியேற்ற நாடுகளுக்கு நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது செல்லவேண்டும் என்று விதியே வகுத்தார்கள். மகளிரோடு முந்நீர் வழக்கம் இல்லை என்ற நூற்பாவுக்கு மாறாக, மகளிர் இன்றிக் கப்பல் புறப்படாது என்ற சட்டம் வந்தது. அது அன்பினால் வந்த சட்டமன்று. கூலிகள் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கவேண்டும் என்னும் கணக்கும் அதில் இருந்தது.

அக்கப்பல்களின் பயணிப் பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் என்று எழுதி வைத்தார்கள். முதல் இரவு எங்கே படுத்தார்கள் என்பதற்குப் பத்தி இல்லை. பதிவேட்டில் இல்லாததை எழுதவேண்டியவன் கவிஞன். பாரதி பிஜித் தீவின் ஹிந்து ஸ்திரீகளைப் பாடினார். அப்பாட்டின் கண் கரும்புத் தோட்டத்தின் மேல் இருக்கிறது. பிற்காலத்தில் ப.சிங்காரம் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்ற இரு நாவல்களைத் தந்தார். தென்கிழக்காசியக் கடலைத் தமிழுக்குள் கொண்டுவந்த பெருமை அவருக்கு உண்டு. அது பெரும்பாலும் ஆண்களின் கடல். குடும்பத்தோடு கப்பலேறியவர்களின் கதை இன்னும் பாட்டிகளின் வாயிலேயே தங்கியிருக்கிறது. அப்பாட்டிகளும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லவே இவ்வளவு முன்னுரை.

சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய கப்பல்களுள் புகழ்பெற்றது 'ரஜூலா'. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1926இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. அவ்வளவு பேரை ஏற்ற உரிமம் பெற்ற கப்பல் அக்காலத்தில் உலகிலேயே அரிது. இரண்டாம் உலகப் போரில் படைகளைச் சுமந்தது. போர் முடிந்தபின் மீண்டும் நம் மக்களைச் சுமந்தது. 1973இல் ஓய்வு பெற்றது. தஞ்சை, திருச்சி, வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து மலாயா போனவர்கள் எண்ணற்றோர். நம் பகுதி அப்போது சேலத்தைச் சேர்ந்தது. 1965 அக்டோபர் 2ஆம் நாளிலிருந்துதான் தருமபுரி தனி மாவட்டம்.

1962இல் எனக்கு ஒன்பது வயது. என் தந்தையார் மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். நாங்கள் பென்னாகரம் பக்கத்துக் கிராமம். என் பாட்டி, அம்மா, நான், எட்டு மாதத் தங்கை ஆகிய நால்வரும் மொரப்பூரில் இரயிலேறிச் சென்னை சென்றோம். பாட்டியை நாங்கள் ஆயா என்று அழைப்போம். தாய்மாமன் துறைமுகம் வரை துணைக்கு வந்தார்.

அப்பாவின் கடிதம் ஒன்று அம்மாவின் மடியில் இருந்தது. அதில் கப்பலில் எப்படி இடம் பிடிப்பது என்று எழுதியிருந்தார். இயந்திரத்தின் பக்கம் போகாதே, சூடும் சத்தமும் தாங்காது; கழிவறையின் பக்கம் போகாதே; ஏணிக்கு அருகில் காற்று வரும், ஆனால் ஆட்கள் மிதித்துக்கொண்டே போவார்கள்; ஆகவே ஏணியிலிருந்து நான்கு பாய் தள்ளிப் போடு. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். இரயிலில் அந்தக் கடிதத்தை அவள் எத்தனை முறை படித்தாள் என்று எனக்குத் தெரியாது. மணிமேகலைக்குக் கிடைத்த மந்திரம் போல அவளுக்கு அந்தக் கடிதம்.

அம்மைப்பால் சீட்டு, காலரா ஊசிச் சீட்டு, மருத்துவர் பார்வை, சுங்கச் சோதனை எல்லாம் முடிந்து ஏணிப்படியில் ஏறும்போது முற்பகல் ஆகிவிட்டது. கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். அங்கே அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. இரும்புத் தரை, இரும்புத் தூண், தலைக்கு மேலே இரும்பு உத்தரம். வண்ணப் பூச்சும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை. முன்னே போனவர்கள் ஓடினார்கள். சந்தையில் கடை போடுகிறவர்கள் ஓடுவது போல இருந்தது. பாயை விரித்தவர்க்கு அந்த இடம் சொந்தம். அதற்குப் பட்டாவும் இல்லை, சிட்டாவும் இல்லை.

அம்மா ஓடவில்லை. இடுப்பில் குழந்தையோடு ஓட முடியாது. ஏணியிலிருந்து மனத்துக்குள் எண்ணிக்கொண்டே நடந்து, சரியாக நான்கு பாய் தள்ளி நின்றாள். அங்கே ஏற்கெனவே ஒரு பெண் பாதிப் பாயை விரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவையும் குழந்தையையும் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் தன் பாயை ஒரு முழம் இழுத்து இடம் விட்டாள். எங்களுக்குக் கிடைத்த வீடு அந்த ஒரு முழத்தினால் வந்தது.

பிறகு அம்மா வீடு கட்டினாள். தகரப் பெட்டியை ஒரு பக்கம் வைத்தாள், அது சுவர். படுக்கைச் சுருணையை இன்னொரு பக்கம் வைத்தாள், அதுவும் சுவர். புளிமூட்டையும் கேழ்வரகு மாவுப் பையும் கால்மாட்டில். ஊர்க் கிணற்று நீர் நிறைந்த பித்தளைக் குடம் தலைமாட்டில், பெட்டியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியது. நடைவழிப் பக்கம் மட்டும் திறந்திருந்தது. "இதுதான் வாசல், இந்தப் பக்கமாகத்தான் வரணும், மிதிச்சிக்கிட்டு வரக்கூடாது" என்று எனக்குச் சொன்னாள். செருப்பை வாசலில் விடச் சொன்னாள். ஆறு அடிக்கு நான்கு அடி இருக்கும் அந்த வீடு. வாசல் வைத்த பிறகே அவள் முகம் சற்றுத் தெளிந்தது.

தங்கையைத் தூங்கவைக்க ஒரு சேலையை உத்தரத்தில் கட்டித் தூளி போட்டாள். கப்பல் பணியாள் ஒருவர் வந்து அவிழ்க்கும்படி சைகை காட்டினார். பக்கத்துப் பாய்க்காரி எழுந்து, குழந்தையையும் தூளியையும் காட்டி, தமிழிலேயே ஏதேதோ பேசினாள். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மாலையில் கப்பல் துறையை விட்டு நகர்ந்தபின் ஒரு வியப்பு நடந்தது. தூளி தானாக ஆடியது. யாரும் கை வைக்கவில்லை. ஊரில் என் வேலையே தூளி ஆட்டுவதுதான். கப்பல் அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

கப்பல் புறப்படும்போது எல்லாரும் மேல்தளத்துக்கு ஓடினார்கள். சங்கு ஊதியது. கரையில் மாமா வெள்ளைத் துண்டை வீசிக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான வெள்ளைத் துண்டுகள். சிறிது நேரத்தில் எது மாமாவின் துண்டு என்று தெரியவில்லை. அம்மா ஏதோ ஒரு துண்டைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே இருந்தாள்.

இனிச் சொல்லப்போவது நான் பல ஆண்டுகள் சொல்லாமல் இருந்த செய்தி.

கீழே வந்ததும் ஆயா பக்கத்துப் பாய்க்காரியிடம் பேச்சுக் கொடுத்தாள். "ஏம்மா, நீங்க எந்த ஊரு?" வட ஆர்க்காட்டுப் பக்கம் ஓர் ஊரைச் சொன்னாள் அவள். இரண்டு பிள்ளைகள், கணவர் பினாங்கில். ஆயா அடுத்த கேள்வியைக் கேட்டாள். "என்ன சனம்?"

நம் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் நிலமுள்ள குடி. எங்கள் வீட்டுக் கிணற்றில் யார் நீர் இறைக்கலாம், யார் தள்ளி நின்று கையேந்த வேண்டும் என்பதெல்லாம் ஆயாவுக்குப் பாடம். அந்தப் பெண் சற்று நேரம் ஆயாவைப் பார்த்தாள். பிறகு, "கப்பல் சனம்தாம்மா" என்றாள். ஆயாவுக்கு விடை விளங்கிவிட்டது. எங்கள் பெட்டியைச் சற்று நகர்த்தி அந்தப் பக்கத்துச் சுவரை நெருக்கினாள். அம்மா தலை குனிந்துகொண்டாள். அந்த இடமே அவள் விட்டுக்கொடுத்த இடம் அல்லவா?

பித்தளைக் குடத்து நீர் இரவுக்குள் தீர்ந்துவிட்டது. கப்பலில் குழாய் இருந்தது. எல்லாரும் பிடிக்கும் குழாய். ஆயா அந்த நீர் வேண்டாம் என்றாள். அலை கூடியது. வயிறு புரட்டியது. முதலில் நான், பிறகு அம்மா, பிறகு ஆயா. தளம் முழுவதும் அதுதான் நிலை. பாதிப் பேர் எழவில்லை. நள்ளிரவில் ஆயாவுக்கு நா வறண்டு, பேச்சுக் குழறியது. அம்மாவால் தலை தூக்க முடியவில்லை. பக்கத்துப் பாய்க்காரி தட்டுத்தடுமாறி எழுந்து போய்க் குழாயில் நீர் பிடித்துவந்து, எலுமிச்சம்பழம் ஒன்றை அதில் பிழிந்து, உப்பிட்டு, ஆயாவின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு புகட்டினாள். ஆயா கண் திறந்து யார் என்று பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். ஒரு மடக்கு அன்று, குவளை முழுவதும்.

அதியமானின் ஊரில் நின்றுகொண்டு, அது நெல்லிக்கனி என்று நான் சொன்னால் நீங்கள் மகிழ்வீர்கள். ஆனால் அது எலுமிச்சைதான்.

மறுநாள் காலை நாகப்பட்டினம். கப்பல் கரைக்குப் போகாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகுகளில் மக்களும் மூட்டைகளும் வந்து ஏறினார்கள். இடம் இன்னும் நெருங்கியது. ஆயா எழுந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், முதல் நாள் நெருக்கி வைத்த தகரப் பெட்டியைக் கால்மாட்டுக்குத் தள்ளினாள். எங்கள் பாயும் அவர்கள் பாயும் ஒன்றாயின. பினாங்கு வரும்வரை அப்படியே இருந்தன. பினாங்கில் அந்தப் பெண் இறங்கும்போது ஆயா தன் புளிமூட்டையில் பாதியை அவிழ்த்துக் கொடுத்தாள்.

பீகார், ஐக்கிய மாகாணப் பகுதிகளிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கும் பிஜிக்கும் போனவர்கள், ஒரே கப்பலில் வந்தவரை 'ஜஹாஜி பாய்' என்று அழைத்தார்கள். கப்பல் சகோதரன் என்பது பொருள். பலருக்கு அது பிறந்த உறவைப் போன்ற உறவாக நிலைத்தது. என் ஆயா கேட்ட விடையும் அதுவே என்று பின்னாளில் படித்தபோது தெரிந்துகொண்டேன்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். முடியவில்லை. நாங்கள் 1969இல் ஊர் திரும்பினோம். ஆயா தன் பழைய கிணற்றடிக்குத் திரும்பினாள். கையேந்த வைத்தவர்களைக் கையேந்தவே வைத்தாள். கப்பலைப் பற்றி ஊரார் கேட்டால் கடலின் நிறத்தைச் சொல்வாள், மீன் துள்ளியதைச் சொல்வாள். தண்ணீர் குடித்ததைச் சொல்லமாட்டாள். ஒருமுறை நான் சொல்ல வாயெடுத்தபோது என்னைப் பார்த்தாள். நான் நிறுத்திக்கொண்டேன்.

ஆயாவைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. எனக்கு உண்டு. என்னைக் குறை சொல்லவே வந்தேன். 1974இல் நான் என் முதல் கவிதைகளுள் ஒன்றாகக் 'கப்பல்' என்று எழுதினேன். ஒரு சிற்றிதழில் வந்தது. அதில் நிலா இருந்தது, அலை வெள்ளியாய் உருகியது, அடிவானம் அழைத்தது. நண்பர்கள் பாராட்டினார்கள். உண்மை என்னவென்றால் அன்றிரவு நான் நிலாவைப் பார்க்கவேயில்லை. கீழ்த்தளத்தில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது ஒரு குவளையை. ஒரு மடியை. அதைக் கவிதையில் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. வைத்தால் ஊரில் ஆயாவின் மானம் போகும் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், என் மானம் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

கவிஞர்களே, உங்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பத்தாண்டுகளில் இவ்வட்டத்தில் படிக்கப்பட்ட கவிதைகளைப் பெரும்பாலும் கேட்டிருக்கிறேன். நிலா வந்திருக்கிறது, மழை வந்திருக்கிறது, ஒகேனக்கல் அருவி பலமுறை வந்திருக்கிறது. அவை வரட்டும். ஆனால் நாம் நிலாவை எழுதும்போதெல்லாம், எந்தக் குவளையை மறைக்க அந்த நிலாவை எழுதுகிறோம் என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது. அழகு பொய்யன்று. ஆனால் அழகின் பின்னால் ஒளிந்துகொள்வது எளிது. நான் ஒளிந்திருந்தேன்.

அந்தக் கப்பல்களின் காலம் முடிந்துவிட்டது. ரஜூலாவுக்குப் பின் 'எம்.வி. சிதம்பரம்' அவ்வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும்போது அதில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். அத்துடன் அக்கப்பலின் பயணி சேவை நின்றது. இன்று கடற்பயணம் என்றால் உல்லாசம். 2022 சூன் மாதம் சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பல் புறப்பட்டதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிக் கப்பல் விட்டார்கள்; பழைய துறைக்கு மீண்டும் பயணிகள் வந்தபோது எனக்கு உள்ளம் நெகிழ்ந்தது.

என் மகள் குடும்பம் சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து அத்தகைய உல்லாசக் கப்பல் ஒன்றில் சென்றது. முதல் நாள் இரவு பேத்தி தொலைபேசியில் பேசினாள். அறை சிறியது என்றாள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டோம் என்றாள். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு எல்லாரும் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது என்றாள். டைட்டானிக் 1912இல் மூழ்கியபின் உலக நாடுகள் கூடி வகுத்த விதிகளின் தொடர்ச்சி அந்த வரிசை. "தாத்தா, செருப்பை எங்க விடறதுன்னு அம்மா ஒரு இடம் வச்சிருக்காங்க" என்றாள். அப்போது என் தாயார் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. என் மகளுக்கு அந்த வாசல் கதையை நான் சொன்னதில்லை. எந்தக் கலமானாலும், நம் வீட்டுப் பெண்கள் முதல் நாள் முதல் வேலையாக ஒரு வாசல் வைக்கிறார்கள் போலும். "பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். "தெரியலியே, கதவு சாத்தியிருக்கு" என்றாள் பேத்தி. எங்களுக்குத் தகரப் பெட்டிதான் சுவர். அதைத் தள்ளிவிட முடிந்தது. அறைச் சுவரை எப்படித் தள்ளுவது?

தலைவர் அவர்களே, பேச்சை முடிக்குமுன் இவ்வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதிகளில் மலாயா போய்த் திரும்பிய குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கப்பலில் குழந்தையாகப் போனவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். மாதம் ஒருவரை இங்கே அழைத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கப்பலில் உங்கள் முதல் நாள் எப்படி இருந்தது? எங்கே பாய் போட்டீர்கள், பக்கத்தில் யார் இருந்தார், யார் கொடுத்த நீரைக் குடித்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அலங்காரம் செய்யாதீர்கள். நிலா வந்தால் வரட்டும், நீங்கள் சேர்க்காதீர்கள். பதினொன்றாம் ஆண்டின் பணியாக அதை ஏற்றுக்கொண்டால், தொல்காப்பியர் இல்லை என்று சொன்ன வழக்கத்துக்கு நம் மாவட்டத்திலிருந்தே ஓர் இலக்கியம் கிடைக்கும்.

நான் அந்தப் பழைய கவிதையை இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். நிலாவை எடுத்துவிட்டேன். குவளையை வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. அன்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. சாதியைக் கேட்டோம், பெயரைக் கேட்கவில்லை. கவிதையில் அந்த இடம் வெற்றிடமாகவே நிற்கிறது. அதை எப்படி நிரப்புவது என்று தெரியாமல்தான் இன்று உங்கள் முன் வந்து நின்றேன்.